கலியாண வீடியோவும் தேசியப் பாதுகாப்பும்

கலியாண வீடியோ எடுப்பவனுக்கு மூலதனம் மற்றவர்களின் முகம். மட்டக்களப்புப் பக்கம் கமெராவும் கையுமாகத் திரியும் என் சக பாவப்பட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: அந்த முகங்களை நம்மைவிட ஆசையாகப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டு கமெரா

பனிச்சங்கேணியில் ஓர் அக்கா. யுத்த காலத்தில் படையினர் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போன அவருடைய மகன் திரும்பி வரவேயில்லை. அவரைப் போன்ற தாய்மார் வருஷா வருஷம் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் நிற்பார்கள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நான் வீடியோ எடுப்பேன். எதிரே சிவில் உடையில் புலனாய்வுக்காரர் ஒருவர் கைபேசியில் எடுப்பார். மோட்டார் சைக்கிள் இலக்கத் தகடுகளையும் விடமாட்டார்.

என் கமெரா திரும்பினால் சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவருக்கு மட்டும் நேராக நிற்கும். எனக்கு ஆத்திரம். அங்கே நின்ற ஒரு வாத்தியாரிடம் கேட்டேவிட்டேன். அவர் சொன்னார்: "உங்களுக்கு முகத்தத் திருப்பினா நீங்க கோவிப்பீங்க, அவ்வளவுதான். அவருக்குத் திருப்பினா வீட்டுக்கு வந்து ஏன் திருப்பினீங்கெண்டு கேப்பார்."

தோழனின் கதிரை

அந்த அக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பது பெண்ணின் சகோதரன். அக்கா வேறு யாரையும் அந்த இடத்தில் நிற்க விடவில்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, அதில் மகனின் பெருப்பித்த படம். வந்தவர்களில் பலர் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

அழைப்பில்லாமல் சிவில் உடைக்காரரும் பந்தலுக்குள் வந்துவிட்டார். அக்காவின் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். அக்கா தடுத்தார்: "விடுங்க அண்ணன், அவருக்கும் சோத்தப் போடுங்க. சொந்தக்காரரே வரப் பயந்த காலத்திலயும் என்ட வீட்டுக்குத் தவறாம வந்த ஆள் அவர்தான்."

சும்மா கேட்பது

அடுத்த கிழமை அவர் என் கடைக்கு வந்தார். கலியாண வீடியோவின் மெமரி கார்ட் வேண்டுமாம். யார் யார் வந்தது, வெளிநாட்டிலிருந்து யார், அந்தப் படத்தைக் கும்பிட்டது யார் என்று பார்க்க வேண்டுமாம்.

எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. எழுத்தில் தாருங்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார்: "எழுத்தில கேட்டா அது விசாரணை அண்ணன், உங்களையும் கூப்பிடவேண்டி வரும். இது சும்மா கேக்கிறது."

திறப்பு

அன்று பின்னேரம் அந்தக் கலியாண அல்பத்தை எடுக்கக் காத்தான்குடிக்குப் போனேன். அச்சிட்டுத் தரும் ஹாஜியார் என் பழைய கூட்டாளி. அவரிடம் பொரிந்து தள்ளினேன். ஆட்களின் தனிப்பட்ட விபரங்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டிருக்கிறார்களே, பிறகு எப்படிக் கேட்கலாம்?

தன் கடைக் கண்காணிப்புக் கமெராவின் பதிவுப் பெட்டியையும் ஒருமுறை ஒரு துண்டுச் சீட்டும் தராமல் கழற்றிக்கொண்டு போனார்கள் என்றார் அவர். பிறகு அல்பத்தைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "சட்டம் நல்ல கதவுதான். பூட்டும் இருக்கு. தேசியப் பாதுகாப்பெண்டு சொன்னாத் திறக்கிற திறப்பு அவங்கட கையில இருக்கு."

அக்காவின் கேள்வி

பனிச்சங்கேணிப் பாலம்வரை யோசித்துக்கொண்டே போனேன். கலியாணச் சோறு தின்றது குற்றமா? குற்றமில்லையென்றால் கொடுத்தால் என்ன? குற்றமில்லையென்றால் ஏன் கேட்கிறார்கள்? நான் பயந்தவன் என்பதற்காக, என்னை நம்பி முகம் தந்தவர்களைக் காட்டிக்கொடுக்கலாமா? சட்டத்தைக் கேட்டவன் நான், நடுங்கியவனும் நான். இதில் யார்மேல் எனக்கு இந்தக் கோபம்?

அல்பத்தைக் கொடுத்துவிட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. கதிரை இருந்த பக்கத்தை விரித்து, படத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். புது அல்பத்தில் தூசு இருக்கவில்லை. "என்ட மகன் எங்கயெண்டு எழுத்தில எத்தின தரம் கேட்டன் தம்பி, ஒரு வரி பதில் வரல்ல. கலியாணத்துக்கு வந்த அத்தின சனத்தையும் கண்ணில எண்ணெய் விட்டுப் பாக்கிறவங்களுக்கு, என்ட புள்ள போன பக்கம் மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சு?"

கார்ட்டை நான் கொடுக்கவில்லை, கேட்ட எழுத்தும் வரவில்லை, கடைக்கு எதிரே மட்டும் ஒரு மோட்டார் சைக்கிள் தினமும் நிற்கிறது. நாட்டுக்கு ஆபத்தாக என் மேசை லாச்சியில் கிடப்பதோ ஒரு கலியாணமும் ஆளில்லாத ஒரு கதிரையும்தான்.