சுவரில் கருத்து ஒட்டிய மைதீன்

செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மைதீனின் எண். "என்னலே, இந்நேரத்துல?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். மறுமுனையில் அவன் மனைவி ரஹீமா. "அண்ணே, அவிய நம்மள விட்டுட்டுப் போயிட்டாவண்ணே. டீ குடிச்சிக்கிட்டு இருந்தாவ, நெஞ்ச வலிக்குதுன்னாவ, அவ்வளவுதான்" என்றார். நான் சிரித்துக்கொண்டே பேசத் தொடங்கியது அவர் காதில் விழுந்திருக்குமே என்ற கூச்சம் இன்னும் போகவில்லை. அன்று சாயங்காலமே அடக்கம். நான் கோவில்பட்டி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. நாற்பதைக்கூட எட்டாத வயது.

அவனை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரைப் பற்றியோ எழுதுவதுபோல் இருந்தது. அதனால் 'அவன்' என்றே இருக்கட்டும்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் கணினி படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து, பழைய கம்ப்யூட்டர்கள் நான்கை ஒன்றோடொன்று இணைத்து, கேம் கடை போட்டோம். காற்றடி காலத்தில் கரிசல் தூசி கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து மின்விசிறியை அடைத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை மைதீன் பெயிண்ட் பிரஷ்ஷால் அதைத் துடைப்பான். மழைக் காலத்தில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் ஒவ்வொன்றும் மண் அப்பி இரண்டு கிலோ இருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிற ஆட்கள். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள்.

புதிதாக ஒரு கேம் கடைக்கு வந்தால், மைதீன் முதலில் தனியாக உட்கார்ந்து ஒரு வாரம் விளையாடுவான். பிறகு அதைப் பற்றிய தன் கருத்தை ஒரு முழுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவான். மதிப்பெண் போட மாட்டான். "மார்க்கு போட்டா அதை மட்டும் பாத்துட்டுப் போயிருவானுவ, எழுதினத எவன் படிப்பான்?" என்பான். நல்ல கேமுக்கு அவன் வைத்திருந்த இலக்கணம் ஒன்றே ஒன்று. "தோத்தவனுக்கு ஏன் தோத்தோம்னு தெரியணும். அது தெரியலைன்னா அவன் வெளையாடல, கேம்தான் அவன வெளையாடுது." விளையாட வராமல் அந்தத் தாள்களைப் படிப்பதற்கென்றே மாடியேறி வந்தவர்கள் உண்டு. நல்லா இருக்கு என்று பத்துப் பேர் சொன்ன கேமை அவன் நல்லா இல்லை என்று எழுதினால், மறுநாள் கடையில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். அவனுக்கு அதுதான் வேண்டும்.

நான் இங்கே சொல்ல வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அப்போது ஊரெல்லாம் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் பரவியிருந்தது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தீவிரவாதிகள். தீவிரவாதிகள் முகமூடி போட்டிருப்பார்கள். எல்லோருக்கும் போலீஸ் பக்கம்தான் வேண்டும். அன்றைக்கு லாரி புக்கிங் ஆபீஸ் செல்வத்துக்கு மறுபக்கம் வந்துவிட்டது. நல்ல மனிதர், எங்கள் கடையின் முதல் வாடிக்கையாளர். சலிப்போடு நாற்காலியைப் பின்னால் தள்ளி, "மைதீன் அண்ணாச்சி, இது உங்க ஆளுவ பக்கம்லா. நீங்க வந்து ஆடுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மைதீன் மூலையில் குத்தவைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். பிரஷ்ஷைக் கீழே வைத்தான். என் முகத்தைத்தான் முதலில் பார்த்தான், செல்வத்தின் முகத்தை அல்ல. பிறகு, "அடுத்த சுத்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினான்.

அதன்பின் மூன்று நாள் அவன் கடைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போனில் சொன்னார்கள். நான் கடையைத் திறந்து வைத்தேன், ஆனால் அவன் வீட்டுக்குப் போகவில்லை. போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான்காம் நாள் காலையில் நான் மாடியேறியபோது அவன் ஏற்கெனவே வந்து சுவரில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த கேமைப் பற்றிய கருத்து. அது எனக்கு மனப்பாடம்.

"துப்பாக்கிச் சத்தம் நன்றாக இருக்கிறது. ஒளிந்துகொள்ளும் இடங்களை யோசித்து அமைத்திருக்கிறார்கள். தோற்றவனுக்குத் தான் செய்த தவறு தெரிகிறது. ஒரே ஒரு குறை. ஒரு பக்கத்து ஆட்களுக்கு முகமூடி போட்டுவிட்டார்கள். உள்ளே யார் என்பதை ஆடுகிறவர்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என்னை நிரப்பினார்கள்."

சாயங்காலம் வந்த செல்வம் அதை நின்றபடி இரண்டு முறை படித்தார். அன்று ஆடாமலே இறங்கிப் போனார்.

மைதீன் அதோடு விடவில்லை. கேமுக்குள் இருக்கும் படங்களை மாற்றுவது எப்படி என்று, டெலிபோன் வழியாக ஊர்ந்து வரும் இணையத்தில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டான். முகமூடிக்குப் பதிலாகத் தன் பாஸ்போர்ட் போட்டோவை வைத்தான். "நீயும் வாரியா?" என்று என்னைக் கேட்டான். நான் கொஞ்சம் தயங்கினேன். அவன் காத்திருந்தான். பிறகு என் போட்டோவைக் கொடுத்தேன். தெரிந்த முகத்தை யாரும் அப்படிக் குஷியாகச் சுட மாட்டார்கள் என்பது அவன் கணிப்பு.

கணிப்பு பொய்த்தது. கடைக்காரர்கள் இருவரையும் சுடக் கூட்டம் மாடிப்படி வரை நின்றது. "ஏலே, மைதீன் அண்ணாச்சிய நான்தான் போட்டேன்!" என்று ஒருவர் குதித்தார். மைதீன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். எல்லோரும் போனபிறகு கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தான். "நம்ம யோசனையில ஓட்ட இருக்கு. முகம் தெரிஞ்சா சுட மாட்டான்னு நெனச்சேன். முகத்தக் காட்டுனா பத்தாதுலே, அந்த எடத்துல அவன் உக்காந்து பாக்கணும்" என்றான்.

மறுநாளிலிருந்து கடையில் புதிய சட்டம். ஒரு சுற்றில் ஜெயித்த அணி அடுத்த சுற்றில் மறுபக்கம் ஆட வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை. முணுமுணுப்பு கிளம்பியது. பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்த கடைக்குப் போய்விட்டார்கள். நான் அவனிடம் சண்டை போட்டேன். "நாம கடை நடத்த வந்தோமா, ஊரத் திருத்த வந்தோமா?" என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "ஊரத் திருத்த எனக்கு ஏலாது. இது என் கடை. இங்கன நான் நிமிந்து உக்காரணும், அவ்வளவுதான் கேக்கேன்" என்றான்.

இரண்டு வாரம் கழித்துச் செல்வம் வந்தார். கையில் கடம்பூர் போளி பொட்டலம். மேசையில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றார். மைதீன் ஒரு போளியைப் பிட்டு வாயில் போட்டு மென்றான். "இனிப்பு தூக்கலா இருக்கு. சரி, உக்காருங்க. இந்தச் சுத்து நீங்க எந்தப் பக்கம்?" என்றான். அதற்குப் பிறகு செல்வம் எந்தப் பக்கம் வந்தாலும் முகம் சுளித்ததில்லை. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை.

வீடுகளுக்குக் கம்ப்யூட்டரும் வேகமான இணையமும் வந்தபிறகு கடையை மூடினோம். நான் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்குப் போனேன். அவன் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் கருத்து சொல்வதை நிறுத்தவில்லை. வலைப்பதிவு ஒன்று தொடங்கித் தமிழில் எழுதினான். பில் போடும் மென்பொருளைக்கூட விட்டுவைக்கவில்லை. "இத எழுதினவன் ஒத்தக் கையில டீ கிளாஸோட வேல பாத்ததே இல்ல. எதுக்கெடுத்தாலும் ரெண்டு கை வேணுங்கு" என்று என்னிடம் போனில் குறைபட்டுவிட்டு அதையே பதிவாகவும் போட்டான். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுத் தளங்கள் வந்தபோது, எனக்கு அவை பிரமிப்பாக இருந்தன. அவன் ஒரு மாதம் ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வெளையாட்டுன்னா முடியணும். எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும். இது முடியவே மாட்டேங்குது. இதுக்குப் பேரு வெளையாட்டு இல்லலே, வேலை." நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த விவாதம் முடியாமலேயே நிற்கிறது.

நான் ஊர் போய்ச் சேர்ந்த அன்று ரஹீமா அந்த வலைப்பதிவைத் திறந்து வைத்தார். "ஆளுவ கேட்டு எழுதுதாவ. நீங்களே ஒரு வார்த்த போட்டுருங்கண்ணே" என்றார். மைதீனின் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வரி எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில்கள் வந்தன. துபாயிலிருந்து ஒருவர், முகம் தெரியாதவர், ஒரு கேமைப் பற்றி அவனோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியவராம். இப்படி எழுதியிருந்தார்: "மைதீன் பாய் சொன்னது தவறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இனி அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?" அதைப் படித்துக் காட்டியபோதுதான் ரஹீமா வாய்விட்டு அழுதார்.

அந்த மூன்று வரியில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. போன வருடம் கயத்தாறில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எத்தனையோ வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே சொன்னேன். "மைதீன், அன்னைக்குச் செல்வம் சொன்னப்போ நானும் சிரிச்சேன்."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தெரியும். செல்வம் சொன்னத விட அதுதான் வலிச்சுது. மறுநாளு நீ ஒத்தையில கடையத் தொறந்து வச்சதும் தெரியும். உன் போட்டோவக் குடுக்க நீ தயங்குனதும் தெரியும். எல்லாத்தையும் சேத்துத்தாம்லே உன்னப் பத்தின கருத்து. ஒண்ண மட்டும் எடுத்து வச்சு முடிச்சிர ஏலுமா?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம். வேறு பேச்சு பேசினோம்.

அவனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்தப் பதிலைத்தான். யாரைப் பற்றியும் ஒரே வரியில் எழுதி முடித்துவிடக் கூடாது. இந்தப் பக்கங்களில் மைதீனைப் பற்றி எழுதியதும் போதாது என்று தெரிகிறது. அவனை அறிந்தவர்கள் மிச்சத்தை அவன் வலைப்பதிவில் எழுதுங்கள். அவனோடு ஒத்துப்போகாதவர்கள் முதலில் எழுதுங்கள்.