கோச்சி நிண்ட காணி

பத்மாசினி தன் காணியைத் திரும்பப் பார்த்த அன்று, அங்கே அவளுக்கு அடையாளம் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று கிணறு. மற்றது கோச்சி.

காங்கேசன்துறைப் பக்கத்துச் செம்பாட்டு மண் தோட்டத் தறை அது. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கிருந்து ஓடியவள். அதன்பிறகு இருபத்தெட்டு வருடம் அந்த ஊரே ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது. விட்டபோது போய்ப் பார்த்தால் வீடு இல்லை. அத்திவாரக் கல்லைக்கூட ஆரோ கிளப்பிக்கொண்டு போயிருந்தார்கள். மாமரம் இல்லை, மதில் இல்லை, கிணற்றுக்குள் பழைய ரயரும் தகரமும். மேற்கு எல்லையில் மட்டும், கொடி மூடி, ஓட்டுநர் நிற்கிற தட்டுக்குள்ளால் ஒரு பூவரசு முளைத்து மேலே போக, அந்தக் குட்டி நீராவிக் கோச்சி எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் முன்னாலும் பின்னாலும் இருந்த தண்டவாளம் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டது. கோச்சியை அசைக்க ஒருவராலும் ஏலவில்லைப் போல.

மகள் தர்சினி அழுதாள். பத்மாசினிக்கு அழுகை வரவில்லை, விசர்தான் வந்தது.

"இருந்ததெல்லாம் போச்சு. உது மட்டும் நிக்குது பார்," என்றாள்.

அவளுக்கு அந்தக் கோச்சியில் சின்ன வயதிலிருந்தே கோபம். சுண்ணக்கல் கிண்டிய ஒரு கம்பனி, வெட்டின கிடங்குக் குழியிலிருந்து கல்லேற்றிப் போக அதை வாங்கி விட்டிருந்தது. பாதை போடுவதற்கென்று அவளுடைய அப்பா கந்தப்புவின் காணியில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்தார்கள். விடிந்தால் பொழுதுபட்டால் அது கல்லுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு முக்கி முக்கிப் போகும். அம்மா வெள்ளை உடுப்பு ஒன்றும் வெளியில் காயப்போடமாட்டாள். பத்மாசினிக்குப் பன்னிரண்டு வயதான வருடம், சோளகக் காற்று அடித்த ஒரு பின்னேரம், கோச்சி கக்கிய நெருப்புப்பொறி பறந்து வந்து போயிலைக் குடிலின் கிடுகுக் கூரையில் விழுந்தது. அந்தப் போகத்துப் போயிலை முழுக்க உள்ளேதான் தொங்கியது. கந்தப்பு கம்பனிக் கந்தோருக்கு நடந்தார், திரும்பத் திரும்ப நடந்தார். அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லாத ஒரு கிளாக்கர், "நெருப்பு எங்கடை கோச்சியிலையிருந்துதான் வந்ததெண்டு ஆர் கண்டது?" என்று கேட்டானாம். அப்பா வீட்டுக்கு வந்து, சால்வையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அப்பா ஏன் சத்தம் போடவில்லை என்ற கோபம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிறகு லொறிகள் வந்தன. கோச்சிக்கு வேலை இல்லாமல் போனது. குத்தகையும் முடிந்தது. வந்து ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று கம்பனி சொன்னது. ஒருவரும் வரவில்லை.

ஓடிப்போன பிறகு பத்மாசினியின் சீவியம் மற்றவர்களுடைய தறைகளில் கழிந்தது. முகாமில் கொஞ்சக் காலம். பிறகு இணுவிலில் ஒரு வளவின் மூலையில் கொட்டில். புருசன் நமசிவாயம் அங்கேயே நெஞ்சுவருத்தத்தில் செத்துப்போனார். அவள் கூலிக்கு வெங்காயம் நட்டாள், களை பிடுங்கினாள், இறைத்தாள், தர்சினியைப் படிப்பித்துத் தாதியாக்கினாள். இப்போது தர்சினி சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் வேலை. தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அவள் எத்தனையோ தரம் கேட்டும், பத்மாசினி தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு காணியிலேயே இருந்துவிட்டாள். கிணற்றைக் கலக்கி இறைத்தாள். மோட்டர் பூட்டினாள். அலவாங்கு போட்டுக் கல்லுக் கிளப்பி, முதற்போகம் வெங்காயம் வைத்தாள்.

அந்த வெங்காயம் கிண்டுகிற நேரத்தில்தான் படலையைத் திறந்துகொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆரோ கோச்சியைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டான். கூட்டம் கூட்டமாக வந்து, பாத்திக்குள்ளால் நடந்து, கோச்சியில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். ஒரு பெட்டை அவளிடமே கைபேசியைக் கொடுத்து, "அம்மம்மா, ஒரு போட்டோ எடுத்துவிடுறியளே?" என்றாள்.

கடைசியில் கஜானன் வந்தான். கொழும்பில் பெரிய உத்தியோகம், தகப்பன் வழியில் இந்தப் பக்கத்துப் பெடியன். பழைய புகைவண்டிகளைத் திருத்துவதற்கென்று ஒரு குழு வைத்திருந்தான். வெளிநாட்டில் இருக்கிறவர்களும் சேர்ந்திருந்தார்கள்.

"அன்ரி, இது நூறு வருசத்துக்கு மேலை பழசு. இதைக் காப்பாற்ற வேண்டியது எங்கடை கடமை," என்றான்.

"எங்கடை வீடும் பழசுதான். அதைக் காப்பாற்ற ஒருத்தரும் வரேல்லையே தம்பி."

அவன் சிரித்தான். பகிடி என்று நினைத்திருப்பான்.

அவள் மறித்திருப்பாள். மறிக்காமல் விட்டதற்குக் காரணம் கிறகோரி. பாசையூர் ஆள், ஐம்பது வயது, ஐஸ் பக்டரிகளிலும் வள்ளங்களிலும் இயந்திரம் பார்க்கிறவன். திருத்துகிற வேலையைக் குழு அவனிடம்தான் கொடுத்திருந்தது. மற்றவர்களெல்லாம் நேரே உள்ளே வர, அவன் படலைக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றான்.

"அக்கா, நான் உள்ளை வரலாமோ? சத்தம் கொஞ்சம் கூடத்தான் வரும். உங்கடை பாத்தி மிதிபடாமல் வேலை செய்விப்பன்."

"ஓம், வாரும்," என்றாள். அந்தக் காணிக்குள் வர அவளிடம் கேட்ட முதல் ஆள் அவன்.

வேலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. பூவரசை வேரோடு அறுத்து எடுத்தார்கள். கொதிகலனுக்குள் இருந்த குழாய்கள் தொட்டால் பொரிந்து கொட்டின. அத்தனையையும் கழற்றி எறிந்து புதுக்குழாய் போட்டார்கள். பித்தளைச் சாமான் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கிறகோரி ஒவ்வொன்றாக வார்ப்பித்துக் கொண்டுவந்தான். மத்தியானங்களில் அவள் கொட்டிலுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தபடி வேலையைப் பற்றிக் கதைப்பான்.

"நெருப்பு எரியேக்கை உள்ளை தண்ணி குறைஞ்சுதெண்டால் வெடிக்கும் அக்கா. அப்பிடி ஏதும் நடந்தால் முதல் வேலை நெருப்பை இழுத்து வெளியிலை கொட்டுறதுதான்."

அவளுக்குக் கோச்சி பிடிக்காது. ஆனால் அவன் வேலை செய்கிற விதம் பிடித்திருந்தது.

கோச்சி ஓடத் தயாராகிவருகிறது என்றதும் கஜானனின் கதை மாறியது. ஒருநாள் அவள் தர்சினியைப் பார்க்கச் சாவகச்சேரிக்குப் போய்விட்டு வந்தால், மண் கிண்டுகிற பெக்கோ ஒன்று தறைக்குள் நின்றது. கோச்சி முன்னும் பின்னும் ஓடுவதற்குத் தண்டவாளம் போட நிலத்தைச் சமப்படுத்தியிருந்தார்கள். பிடுங்கப் பத்து நாள் இருந்த வெங்காயம், நாலு பாத்தி, சங்கிலிச் சில்லுக்குக் கீழே கூழாகிக் கிடந்தது. பாதையைச் சுற்றிக் கம்பிவேலிக்குக் கட்டை அடித்திருந்தார்கள். கிணறு வேலிக்கு உள்ளே போயிருந்தது.

அவள் அந்தக் கூழில் ஒரு பிடி அள்ளிக்கொண்டுபோய்க் கஜானனுக்கு முன்னால் நீட்டினாள்.

"இது என்ன தம்பி?"

"அன்ரி, காணிக் கந்தோரிலை கதைச்சிட்டம். கோச்சி நிக்கிற துண்டு முந்தின குத்தகைக் காணிதானே. வெங்காயத்துக்கு நாங்கள் ஏதும் பாத்துத் தருவம்."

"குத்தகை முடிஞ்சு நாப்பது வருசம். கிணறும் குத்தகையிலை போனதோ?"

"பார்க்க வாற சனத்தின்ரை பாதுகாப்புக்குத்தான் வேலி. தண்ணி நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் அள்ளலாம், நாங்கள் மறிக்க மாட்டம்."

என்ரை கிணற்றில் நான் அள்ள நீர் மறிக்கமாட்டீரோ என்று கேட்க வாயெடுத்தாள். கேட்காமல் கையிலிருந்த கூழைக் கீழே உதறினாள். கிறகோரி சற்றுத் தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பெக்கோ வந்தது அவனுக்கும் தெரியாது. அடுத்த நாள் அவள் கிராம அலுவலரிடம் போனாள், அங்கிருந்து மேலே போனாள். கோச்சி ஓட்டுகிற விழா முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள்.

விழாவும் வந்தது. பந்தல், வாழை, நாதஸ்வரம், கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள். கோச்சிக்குப் பச்சை வர்ணம் அடித்து மாலை போட்டிருந்தார்கள். கிறகோரி நெருப்பு மூட்டி நீராவி ஏற்றியிருந்தான். தண்ணீர் அவளுடைய கிணற்றிலிருந்து, அவளுடைய மோட்டரில், நீளக் குழாயால் கோச்சியின் தாங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. கிறகோரி கேட்டபோது அவள் மறுக்கவில்லை. பந்தலுக்குள் போகாமல் மோட்டர்க் கொட்டிலோடு நின்றாள்.

கஜானன் மைக்கைப் பிடித்தான். அழகாகப் பேசினான். கோச்சி எங்கே செய்யப்பட்டது, எப்படிக் கப்பலில் வந்தது, எத்தனை வருடம் கல் இழுத்தது எல்லாம் சொன்னான். எரிந்த குடிலைப் பற்றி அவனுக்குத் தெரியாது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"இந்த மண்ணின்ரை முதல் அகதி இந்தக் கோச்சிதான். எல்லாத்தையும் இழந்து, துருப்பிடிச்சு, இண்டைக்குத் தன்ரை சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கு."

சனம் கை தட்டியது.

பத்மாசினிக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை பற்றி எரிந்தது. இணுவில் கொட்டிலில் மழை ஒழுகிய இரவுகள் நினைவில் வந்தன. மற்றவர் வெங்காயத்தைக் கிண்டியதும், சொந்த ஊர்ச் சுடலையில் நெருப்பு வைக்கக்கூட முடியாமல் நமசிவாயத்தை இணுவிலிலேயே எரித்ததும் வந்தன. அவள் வேகமாக நடந்து நேரே கோச்சிக்குப் போனாள்.

"கிறகோரித் தம்பி, நான் மோட்டரை நிப்பாட்டப்போறன். திரும்பப் போடமாட்டன். நீர் நெருப்பை இறக்கும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயைப் பார்த்தான்.

"ஓம் அக்கா," என்றான். நீளக் கம்பியை எடுத்தான்.

அவள் மோட்டரை நிறுத்தி, வயரைக் கழற்றிச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். கிறகோரி எரிகிற கரியை இழுத்துக் கீழே கொட்டி நீராவியைத் திறந்துவிட்டான். பெரிய இரைச்சலோடு வெள்ளைப் புகை பந்தலை மூடியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார்கள். கஜானன் மைக்கும் கையுமாக ஓடி வந்தான்.

"அன்ரி, ஒரே ஒரு மணித்தியாலம். பெரிய ஆக்கள் வந்திருக்கினம்."

"உது அகதி எண்டு சொன்னீர். உது ஒரு நாளும் எங்கையும் போகேல்லை. நாங்கள் ஓடினம், உது இஞ்சையே நிண்டது. எங்கடை வீட்டை இடிக்கேக்கையும் நிண்டது. அகதி ஆரெண்டு தெரியாமல் ஏன் மைக்கைப் பிடிச்சனீர்?"

"நான் ஒரு அர்த்தத்திலைதான்…"

"எனக்கு அர்த்தம் வேண்டாம். வேலியைக் கழட்டும். கோச்சியைக் கொண்டுபோம். இனி என்ரை தண்ணியிலை ஒரு சொட்டும் அதுக்குள்ளை போகாது."

அவள் கத்தவில்லை. ஆனால் மைக் திறந்தே இருந்தது, எல்லாருக்கும் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய ஆள் மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார். இலவசமாக வந்த சோடாவைக் குடித்துவிட்டுச் சனமும் கலைந்தது.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. ஊர்ச்சனத்தில் பாதிப் பேர் அவளோடு கதைக்கவில்லை. நல்லதொன்று ஊருக்கு வந்ததைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். மற்றப் பாதி இரவில் வந்து, நல்ல வேலை செய்தாய் என்றது. பகலில் சொல்ல அவர்களுக்குத் துணிவு இல்லை. இரண்டு பகுதியிலும் அவளுக்குக் கோபம்தான். கடைசியில் கோச்சிக்கு ஸ்டேசன் பக்கம் ஒரு பொது நிலம் கிடைத்தது. பாரந்தூக்கியும் நீள லொறியும் வந்தன. கோச்சியைத் தூக்கி ஏற்றுகிறபோது கஜானன் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"வெண்டிட்டியள் அன்ரி," என்றான். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"என்னத்தை வெண்டனான்? என்ரை காணியிலை நான் நிக்கிறன். இதுக்கும் ஒரு சண்டை பிடிக்க வேண்டிக் கிடக்கு."

கிறகோரி மட்டும் பிறகும் வந்து போனான். கோச்சி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறது, ஒருநாள் வந்து பாருங்கள் என்றான். நல்லாய் ஓடுதோ என்று கேட்டாள். ஓம் என்றான். நல்லது, ஆனால் நான் வரமாட்டன் என்றாள். அவன் வற்புறுத்தவில்லை.

கோச்சி நின்ற இடத்தில் மண் கறுத்து, எண்ணெய் ஊறி, கரித்தூள் கலந்து கல்லாய்க் கிடந்தது. அவள் அதை மண்வெட்டியால் வெட்டி, கடகத்தில் அள்ளி, ஒழுங்கை ஓரத்தில் கொட்டினாள். அள்ள அள்ளக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. முழங்கால் ஆழத்துக்குப் போன பிறகுதான் சிவப்பு தெரிந்தது. மேலே புது மண் போட்டு, எரு போட்டு, வெங்காயம் வைத்தாள். மற்றத் தறையெல்லாம் பச்சையாய் நிற்க, அந்தத் துண்டு மட்டும் மஞ்சளாய்ப் போனது. பிடுங்கி எறிந்துவிட்டு, வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டு, இன்னும் ஆழமாய் வெட்டத் தொடங்கினாள்.