இடது கையில் ஒரு டம்ளர் மோர்

மோரை விற்கக் கூடாது என்பது என் அம்மா கட்டிக்காத்த சட்டம். வடைக்குக் காசு வாங்கலாம், சுண்டலுக்கு வாங்கலாம், தாகத்துக்கு வாங்கக் கூடாது. பங்குனி உத்திரத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டு வழியில் போகிறவருக்கெல்லாம் மோர் ஊற்றிய வீட்டில் பிறந்தவள் அவள். அப்படிப்பட்டவளுக்குத்தான் கேளிக்கைப் பூங்காவின் சாப்பாட்டுத் திருவிழாவில் ஒரு கடை கிடைத்தது.

அப்போது ஜாலான் புசாரில் அந்தப் பூங்கா இருந்தது. சிராங்கூன் ரோட்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ராட்டினம், ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் கார்கள், மல்யுத்த மேடை, மலாய் ஆட்டம், சீன நாடகம் எல்லாம் ஒரே வேலிக்குள். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் போய்விட்டு வந்து பெருமை பேசுகிற பூங்காக்களையும் நான் பார்த்துவிட்டேன். எங்கள் பூங்காவின் விளக்கு வெளிச்சத்துக்கு அவையெல்லாம் உறை போடக் காணாது.

என் மாமா, அம்மாவின் தம்பி, அங்கே ராட்டினம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டுத் திருவிழா நடத்தப்போகிறார்கள், சீனர் கடையும் மலாய்க்காரர் கடையும் சேர்ந்துவிட்டன, நம்மவர் கடை ஒன்று குறைகிறது என்று மேனேஜர் சொல்ல, மாமா யோசிக்காமல் அக்காவைச் சொல்லிவிட்டார். நன்றாக நடந்தால் ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒரு கடை தருவதாகவும் பேச்சு.

அந்தக் கடை எங்களுக்கு வேண்டியிருந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது இரும்புக் கயிறு அப்பாவின் வலது கையைச் சுற்றிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் தப்பியது. அதற்குப் பிறகு வேலையும் இல்லை, வெளிநடமாட்டமும் இல்லை. இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். காப்பிக் கடைக்குப் போகமாட்டார், கல்யாண வீட்டுக்குப் போகமாட்டார். கோயிலில் விபூதி கொடுக்கக் கை நீட்டுவார்களே என்று கோயிலுக்கும் போவதில்லை. சிரிப்பதையும் விட்டுவிட்டார்.

மாமா விஷயத்தைச் சொன்னபோது அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என் பொண்டாட்டி பார்க்குல நின்னு வடை சுடணுமா? கைதான்டா போச்சு எனக்கு, மானம் போகல."

"ஒரு வாரந்தான் மச்சான்..."

"என்னமோ பண்ணுங்க. என்னையக் கூப்பிடாதீங்க."

போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அம்மா அந்த இடைவெளியில் புகுந்து போய்விட்டாள். ஆனால் மாமாவிடம் ஒன்று சொன்னாள். திருவிழா வரைக்கும் சரி, நிரந்தரக் கடை என்றால் அப்பா வந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

வடை, சுண்டல், பெரிய பானையில் மோர். பால்காரர் வீட்டுத் தயிர், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, அதற்குள் மிதக்கும் ஐஸ் கட்டி. வடை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மோர் சும்மாதான். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"யக்கா, இது கடையா சத்திரமா? ராட்டினத்துல நான் எல்லாரையும் சும்மா ஏத்துறேனா?"

"நீ சுத்த விடுறே, அவனுக்குத் தலை சுத்துது. தண்ணி குடுக்கவேண்டியது என் பாடு. போடா."

பக்கத்துக் கடையில் ஒரு சீனக் கிழவர் மிளகாய் அள்ளிப் போட்டு மீ நூடுல்ஸ் பிரட்டுவார். முதல் நாள் எங்கள் மோரை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாசாம் லா!" என்று முகத்தைச் சுளித்தார், புளிக்கிறதாம். ஆனால் அவருடைய மீயைத் தின்று நாக்கு எரிந்தவர்கள் எல்லாரும் நேராக எங்கள் மோர்ப் பானைக்கு ஓடிவந்தார்கள். மோர் குடித்ததும் வடை வாசனை மூக்கில் ஏறும். வடை தின்றவர்கள் காரம் போதாதென்று மறுபடி கிழவரிடம் போனார்கள். இரண்டு கடையிலும் கூட்டம். அம்மா பெரிய வியாபாரத் தந்திரம் செய்கிறாள் என்று மேனேஜரே நம்பிவிட்டார். அவள் பாவம், புண்ணியத்துக்குச் செய்தாள்.

டம்ளரை எடுத்துக் கொடுப்பதும் கழுவுவதும் என் வேலை. எனக்கு ஒன்பது வயது இருக்கும். முதல் நாளே அடி வாங்கினேன். வலது கையில் வடைத் தட்டு இருந்ததால், ஒரு சீனப் பாட்டிக்கு இடது கையால் மோரை நீட்டிவிட்டேன். அம்மா கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

"நொட்டாங்கையாலயா குடுப்பே? வாங்குறவங்க மனசு என்னடி ஆகும்?"

பள்ளிக்கூடத்தில் நான் கற்றது கொஞ்சம். ஆனால் எந்தக் கையால் எதைக் கொடுப்பது என்பதை அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வாரம் முடியப்போயிற்று. கடையை எடுத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்று மேனேஜர் கேட்டார். மாமா வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கெஞ்சிவிட்டு வந்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அம்மா மாவை அரைத்தாள். உளுந்து அரைபடுகிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

கடைசி நாள் சாயங்காலம் மோருக்கு நின்ற வரிசையில் அப்பாவைப் பார்த்தேன்.

வெள்ளைச் சட்டை போட்டு, வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, ஒரு மலாய்க்காரருக்கும் சைக்கிள் பையனுக்கும் நடுவில், யாரோ போல நின்றுகொண்டிருந்தார். "அப்..." என்று வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை.

மலாய்க்காரருக்கு வலது கையால் கொடுத்தாள். அடுத்தது அப்பா. வலது கையால் மொண்டாள், கரண்டியைப் பானையில் போட்டாள், டம்ளரை இடது கைக்கு மாற்றி, இடது கையால் நீட்டினாள். வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தன் இடது கையால் வாங்கினார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

"நாளைக்குச் சரியா போட்டுடறேன்" என்றாள் அம்மா. அடுத்து நின்ற சைக்கிள் பையனுக்கு வலது கையால் கொடுத்தாள்.

நாளைக்குத் திருவிழாவே இல்லையே என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது, அப்பா கடைக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, டம்ளர்களைத் தண்ணீரில் அலச ஆரம்பித்தார். சீனக் கிழவர் எட்டிப்பார்த்து, ஒரு தட்டு மீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அம்மா மாமாவைக் கூப்பிட்டாள்.

"மேனேஜர்கிட்ட சரின்னு சொல்லிடுடா."

அந்தக் கடை என்னைக் கட்டிக்கொடுக்கும்வரை நடந்தது. என் கல்யாணச் சாப்பாடே அந்தக் கடைக் காசுதான். மோருக்கு மட்டும் கடைசிவரை விலை கிடையாது.

ஆனால் அன்றைக்கு என் மனசில் இருந்தது வேறு. எனக்கு விழுந்த அடி எனக்கு மறக்கவில்லை. மறுநாள் காலையில் மாமாவும் இருக்கும்போது நடுவீட்டில் நின்று நியாயம் கேட்டேன்.

"என்னைய மட்டும் அடிச்சே! நேத்து நீயும்தான் நொட்டாங்கையால குடுத்தே. அதுவும் அப்பாவுக்கு! நான் பாத்தேன்."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கை தவறிடுச்சுடி" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பா சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, வெகுநேரம் சிரித்தார். அவ்வளவு பெரிய தப்பை அம்மாவிடம் கண்டுபிடித்த என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.