தண்ணீர் தெளியும் வாரம்

எங்கள் தீவுக்கு எந்த மாதம் வந்தால் நல்லது என்று போன் செய்து கேட்பவர்களுக்கு, ஓட்டல் வரவேற்பில் இருக்கும் பெண் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள். மழை மாதத்தில் வராதீர்கள், மழை விட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள். சரியான பதில்தான். அதே ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு லீவு கிடைப்பது அந்த மழை மாதத்தில்தான். இது ஏன் என்று எங்கள் தொழிலாளர் சங்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை. ஜன்னலக்கா கேட்டார்.

அவருக்கு அந்தப் பெயர் வைத்தது அவரோடு ஒரே மாடியில் அறை சுத்தம் செய்கிற பெண்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, விருந்தாளி குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாலும் சரி, அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலைத் திறந்துவிடுவார். "உள்ள இருக்கற காத்து நேத்தோடது" என்பார். அப்புறம்தான் விரிப்பை உருவுவார். ஒரே இழுப்பு. மெத்தையின் நான்கு மூலையும் ஒன்றாக விட்டுவிடும். அந்த இழுப்பை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

புருஷன் அதே ஓட்டலின் படகோட்டி. விருந்தாளிகளைப் பவளப்பாறைக்குக் கூட்டிப்போய் மீன் காட்டிவிட்டுத் திரும்புகிற வேலை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். மூன்று பேரும் கடலுக்கு எதிரே குடியிருக்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து தெளிந்த கடலில் ஒருநாளும் இறங்கியதில்லை. காரணம் எளிது. மழை மாதத்தில் ஆறு அடித்துவரும் சேற்றில் கடல் கலங்கிக் கிடக்கும், அலையும் ஆளை இழுக்கும். மழை விட்டதும் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும். அப்போது ஓட்டலில் பெயிண்ட் வேலை தொடங்கும். கட்டில் மேசையெல்லாம் வெளியே, திரும்ப உள்ளே. அது முடியும்போது சீசன் வந்துவிடும். பிறகு யாருக்கு லீவு?

சம்பளப் பேச்சுவார்த்தை நடந்தது. நான் அப்போது சங்கச் செயலாளர். எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் பின்வரிசையில் அக்கா எழுந்தார்.

"சார், தண்ணி தெளியற வாரத்துல எங்களுக்கு லீவு வேணும்."

மேனேஜர் சிரித்தார். "மழை மாசம் பூரா உங்களுக்கு லீவுதானேம்மா?"

"அது நீங்க குடுத்த லீவு. நான் கேக்கறது எனக்குப் புடிச்ச லீவு."

மேனேஜர் லேசான ஆள் இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஒண்ணு செய்யறேன். மழை மாசத்துல ரூமெல்லாம் காலியாத்தானே கெடக்கு? குடும்பத்தோட வந்து தங்குங்க. ஏசி, சுடுதண்ணி, எல்லாம் இலவசம்" என்றார். எங்கள் ஆட்கள் கைதட்டிவிட்டார்கள். அக்கா மட்டும் தட்டவில்லை.

"கட்டிலும் மெத்தையும் நான் பாக்காததா சார்? அந்த மாசம் வராதீங்கன்னு வெளியூர்க்காரனுக்கு நீங்களே சொல்றீங்க. அவனுக்கு ஆகாத மாசம் எனக்கு மட்டும் எப்படி ஆகும்?"

கைதட்டல் நின்றது. பதில் இல்லாதபோது முதலாளி பக்கம் என்ன செய்யுமோ அதையே மேனேஜர் செய்தார். "பெயிண்ட் வாரத்துல ஒரு ஆளையும் விட முடியாது" என்று கோப்பை மூடினார். ஓட்டெடுப்பில் சம்பள உயர்வும் இலவச அறையும் ஜெயித்தன. அக்காவின் கோரிக்கை விழுந்தது.

வாசலில் என்னைப் பிடித்தார். "நீங்க கையெழுத்துப் போடுங்கண்ணே. உங்க மேல ஒண்ணும் இல்ல. நான் வேற வழி பாத்துக்கறேன்."

வேற வழி இதுதான். அவர் மாடியில் ஆறு பெண்கள். பெயிண்ட் நாட்களில் தினம் ஒருத்தி காணாமல் போவாள். அவள் தூக்க வேண்டிய மெத்தையை மற்ற ஐவரும் பங்குபோட்டுத் தூக்குவார்கள். கணக்கெடுக்க மேனேஜர் மேலே வந்தால், "இப்பதான் சார் கீழ போனா." அவர் கீழே போனால், "இப்பதான் சார் மேல போனா." சங்கம் நடத்தத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் அந்த ஒரு மாடியைப் பார்த்து வாய் பிளந்தேன். கூட்டம் இல்லை, கொடி இல்லை, ஒருத்தி முகம் சுளிக்கவில்லை.

முதலில் போனவள் அவர்களில் சத்தமானவள். லவுட்ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாள் மூக்குத் தோல் உரிந்து வந்து நின்றாள்.

"என்னடி, வெந்துபோய் வந்திருக்கே?"

"போங்கக்கா, பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்லதான் இருக்கேன். நேத்துதான் என் கால்விரல தண்ணிக்குள்ள பாத்தேன்!"

அக்கா தன் முறையைக் கடைசியில் வைத்துக்கொண்டார். பெருந்தன்மை எல்லாம் இல்லை. புருஷனின் படகைக் கரையேற்றி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அது முடிகிற நாளில்தான் அந்த மனுஷனுக்கு ஒருநாள் ஓய்வு. அதற்கு மறுநாள் சீசன் தொடக்கம். ஆக, கிடைத்தது ஒரே நாள். தவறினால் இன்னொரு வருஷம். மகள் அதற்குள் வளர்ந்து அம்மா அப்பாவோடு குளிக்க வெட்கப்படுகிற வயசுக்குப் போய்விடுவாள்.

அந்த ஒரே நாளில் பார்த்து, மறுநாள் வந்து தங்க வேண்டிய ஒரு கம்பெனி ஆட்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். சாயங்காலமே வருகிறோம் என்று காலையில் போன். எல்லாரும் உடனே மாடிக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. ஜன்னலக்காவைக் காணோம். காவலாளியைக் கடற்கரைக்கு அனுப்பினார். "நாளைக்கு வர்றேன்னு சொல்லுங்க" என்ற பதிலோடு அவன் திரும்பினான். மேனேஜர் தானே இறங்கி வந்தார், பளபளவென்று ஷூவோடு. நான் படகடியில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கழுத்தளவுத் தண்ணீரில். பக்கத்தில் புருஷன். மகள் இரண்டு பேரையும் சுற்றி நீந்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? ஆள் வர்றாங்க, ரூம் ஒண்ணும் ரெடியாகல!"

"போய்ப் பாத்தீங்களா சார்?"

"பாக்க வேற செய்யணுமா? நீ இங்க நிக்கறே, அங்க எப்படி ரெடியாகும்?"

"அவ்வளவு பெரிய ஆளா சார் நான்?"

புருஷன் மெதுவாக, "போயிடு, வேலைய விட்டுத் தூக்கிடப் போறாரு" என்றார்.

"ஈரத்தோட தூக்கட்டும். கனமா இருப்பேன்."

"வெளிய வாம்மா!" மேனேஜர் கத்தினார்.

"வரமாட்டேன் சார். நீங்க வேணா உள்ள வாங்க. தண்ணி அவ்வளவு நல்லா இருக்கு."

ஓர் அலை வந்து ஷூவை நனைத்தது. அவர் இரண்டு அடி பின்வாங்கினார். அதே நேரம் ஓட்டலின் மேல்மாடியிலிருந்து ஒரு குரல். மைக் தேவையில்லாத குரல்.

"சார்ர்ர்! எங்க மாடி முடிஞ்சுபோச்சு! வந்து பாத்துட்டு சாவிய வாங்கிக்கோங்க!"

மேனேஜர் மாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சதக் சதக் என்று ஈர ஷூவோடு போனார். ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தாராம். குறை சொல்ல ஒரு தலையணைகூட அகப்படவில்லையாம். திரும்பி வரவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் பெயிண்ட் நாட்களில் முறைவைத்து லீவு என்பதை நிர்வாகமே எழுதிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் நாங்கள் கேட்காமலே அவர்கள் எழுதிவந்த ஒரே வரி அதுதான். இன்றைக்கு எல்லா மாடிக்கும் அது உண்டு. நோட்டீஸ் அடித்து நான் வாங்கித் தந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்றைக்கு மேனேஜர் போன பிறகும் அவர்கள் கரையேறவில்லை. புருஷன் அக்காவின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி, தானும் மூழ்கி எதையோ காட்டினார். இருவரும் மூச்சுவாங்கிக்கொண்டு மேலே வந்தார்கள்.

"வலது பக்கத்தில் நீங்கள் காண்பது கிளிமீன். பாறையைக் கடித்துத் தின்னும். தயவுசெய்து தொடாதீர்கள்" என்றார் படகோட்டி.

"டூரிஸ்ட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க. எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

மனுஷன் திணறிப்போனார். வேறு மாதிரி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. மறுபடி குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்.

"அந்தா பாரு," என்றார், "பச்சையா ஒண்ணு போகுது. எவ்வளவு அழகா இருக்கு பாரேன்."

அக்கா மறுபடி தலையை உள்ளே விட்டார்.