பருத்திப்பட்டில் கைமாறிய அட்டவணை

தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிறு. காலை ஏழே காலுக்கு சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் ஆவடி வண்டி ஏறினேன். நான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். பெரம்பூர் வருவதற்குள் சுவர் விளம்பரங்களில் நாலு ஒற்றுப்பிழை பிடித்துவிட்டேன், பழக்கதோஷம். மடியில் பிளாப்பிகள் நிறைந்த பை. கணினியே எழுத்துப்பிழை காட்டட்டும் என்று மூன்று வருடம் தட்டிச் சேர்த்த தமிழ்ச் சொற்கள் அதில் இருந்தன. அவை பிழைக்குமா என்பது இன்று தெரிந்துவிடும்.

அம்பத்தூரில் கலைச்செல்வி ஏறிக்கொண்டாள். அவளும் நண்பர்களும் தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். பருத்திப்பட்டில் தனசேகரன் குழு தமிழில் மின்னஞ்சல் அனுப்ப ஒன்று எழுதியிருக்கிறது. இரண்டும் இலவசம். உள்ளே இருக்கும் நிரலையும் பூட்டாமல் கொடுத்துவிடுகிறார்கள், யாரும் திருத்தலாம். தொல்லை ஒன்றுதான். எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற அட்டவணை ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். அம்பத்தூரில் தட்டியதைப் பருத்திப்பட்டில் திறந்தால் கோழி கிளறிய குப்பைதான். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். நான் தட்டியது அம்பத்தூர் அட்டவணையில். அது தோற்றால் என் மூன்று வருடமும் போச்சு.

மாதத்தின் முதல் ஞாயிறு இவர்கள் கூடுவார்கள். அன்றைக்கு யாரும் தன் மென்பொருளைத் திருத்தக் கூடாது, அடுத்தவருடையதைத்தான் பழுது பார்க்க வேண்டும்.

"நம்ம வீட்டு ஒட்டடை நம்ம கண்ணுக்குத் தெரியாது சார்" என்றாள் கலைச்செல்வி.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் தலைக்கு மூன்று ரூபாய்.

"இன்னா சார், ஞாயித்துக்கெயமையும் கம்பூட்டரா? ஏரில மீன் கீது, அத்த புடிக்காம!" என்றார் ஓட்டுநர். எனக்கும் அதுவே உத்தமமாகப் பட்டது.

தனசேகரன் வீட்டு மாடியில் அவர் குழு, இரண்டு கணினிகள், ஜன்னலுக்கு வெளியே ஏரி. அம்பத்தூரில் தட்டிய கடிதத்தை அவர் தன் மென்பொருளில் திறந்தார். குப்பை. அவருடைய மின்னஞ்சலை இவள் தன்னுடையதில் திறந்தாள். அதுவும் குப்பை.

"இன்னா கலை, இன்னும் பழைய அட்டவணையே வெச்சிகினு கீறியா?"

"இல்லண்ணா. போன வாரமே உங்க அட்டவணைக்கு மாறிட்டேன். நீங்க?"

"ஐயோ, நான் உன்னுதுக்கு மாறிக்கினேம்மா!"

மாடி முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் பிளாப்பிப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அதன்பின் நடந்ததைப் போல ஒரு சண்டையை நான் பார்த்ததே இல்லை. "உன்னுதே இருக்கட்டும்" என்று அவர், "உங்களுதே இருக்கட்டும்" என்று இவள். கடைசியில் பருத்திப்பட்டு அட்டவணையே நின்றது. அதில் ஏற்கெனவே வெளியே போன கடிதங்களைத் திரும்ப அழைக்க முடியாது என்ற நியாயத்துக்காக.

"அப்போ என் சொற்கள்?" என் குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

"குடு சார் இங்க" என்று பையை வாங்கினார் தனசேகரன். எண்களை மாற்றித்தர ஒரு சின்ன நிரல் எழுத உட்கார்ந்தார். கலைச்செல்வி பின்னால் நின்று அவர் தப்பைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாப்பாடு ஆறிப் போயிற்று. முதலில் 'கொ'வெல்லாம் கால் இழந்து நின்றன. அதை நான்தான் கண்டுபிடித்தேன், தொழில் புத்தி. திருத்தினார்கள். நாலு மணிக்குத் திரையில் என் சொற்கள் ஒரு குறையுமில்லாமல் வரிசையாக இறங்கி வந்தன. கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

எங்கள் ஊரில் எங்கள் அச்சகமும் பக்கத்து அச்சகமும் ஒரே சுவரைப் பங்கிட்டவை. மை தீர்ந்தால் தஞ்சாவூருக்கு ஆள் அனுப்புவோமே தவிர, சுவருக்கு அந்தப்பக்கம் கேட்க மாட்டோம். அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான்.

சாலைக்கு வந்து ஆட்டோவுக்காக நின்றோம். கலைச்செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பூந்தமல்லியில ஒருத்தர் உங்கள மாதிரியே சொல் சேர்க்கிறார் சார். பாதியில நிக்குது. உங்களுதுல ஒரு நகல் அவருக்குக் குடுக்கலாமா?"

மூன்று வருடம். 'முடியாது' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆவடிப் பக்கம் போகிற ஒரு காலி ஆட்டோ எங்களைப் பார்த்து வேகம் குறைத்தது.

"பூந்தமல்லிக்கு பஸ் எந்தப் பக்கம் நிக்கும்மா?" என்று கேட்டேன்.