மூத்த மகன் பெயர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கள்ளக்குறிச்சியில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். சாவு வீடுகளுக்குப் பாட்டும் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கடையில் பெண்களுக்கு ஒப்பாரி பாடச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து கற்றுக்கொண்ட ஒரு அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. தன் சாவுக்கான பாட்டை இப்போதே எழுதச் சொன்னார். உயிரோடு இருப்பவருக்கு எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

"செத்தப்பறம் ஊரே கேக்கும். நான் மட்டும் கேக்க வாணாமா வாத்தியாரே?" என்று சிரித்தார்.

எழுதினேன். வழக்கப்படி பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சேர்த்துப் படித்துக் காட்டினேன்.

"பெரியவன் பேர எட்த்துடுங்க. நான் படுத்துக்கினு கெடக்கறேன், இன்னான்னு கேட்டு ஒரு போன் இல்ல."

எடுத்துவிட்டேன். பாட்டை அவரே பாடினார், நான் பதிவு செய்துகொண்டேன்.

அவர் இறந்த அன்று முதலில் வந்து சேர்ந்தது அந்த மூத்த மகன்தான். அம்மாவின் குரல் ஒலித்தது. தங்கள் பெயர் வந்தபோது தம்பியும் தங்கையும் கதறினார்கள். அவன் ஸ்பீக்கரை ஒட்டியே நின்றிருந்தான். முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"என் பேரு வந்தப்ப அழுதுக்கினு இருந்துட்டேன் போல. இன்னொருவாட்டி போடுங்கண்ணா."

மறுபடியும் போட்டேன்.