தண்ணீர் புகாத போனும் இங்கே சரிசெய்யப்படும்

கைக்கு வந்த போனைச் சட்டையில் துடைத்து, சார்ஜர் செருகும் ஓட்டையில் நுனிநாக்கை வைத்து எடுக்கிறார் சிங்காரம். ஒரு நொடி கண்ணை மூடுகிறார். பிறகு தீர்ப்பு வருகிறது: "ஏரி."

"தண்ணியே படலண்ணே, சும்மா இருந்துச்சு, ஆஃப் ஆயிடுச்சு" என்று அதுவரை சத்தியம் செய்துகொண்டிருந்த முத்துராஜ் வாயை மூடிக்கொள்கிறார். கோட்டைக்குப்பத்தில் வலை போடும் அவருக்கு இது மூன்றாவது போன். மூன்றுமே தண்ணீர் படாமல் செத்தவைதான்.

"டாக்டராண்டயும் என்னாண்டயும் பொய் சொல்லாத முத்து. நாக்குக்குத் தெரியும்" என்றபடி சிங்காரம் தின்னர் பாட்டிலைத் திறக்கிறார்.

பழவேற்காடு கடைவீதியில் நாலடி அகலக் கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்கள் ஐந்தாறு, சூடான காற்று ஊதும் கருவி ஒன்று. சிங்காரமும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் முகத்துவாரம் தாண்டினால் குடல் வாய்க்கு வந்துவிடும். மூன்று தபா போய், மூன்று தபாவும் படகின் அடியில் படுத்தே திரும்பினார். அதனால் கடலையும் ஏரியையும் இந்த முப்பது வருடங்களாகப் பிறர் போன்களின் வழியாகத்தான் ருசித்து வருகிறார். "மழைக்கு அப்பால ஏரி லேசா இனிக்கும், கோடையில கரிக்கும். கடல் எப்பவும் ஒண்ணுதான். கொழம்புல வுழுந்ததும் வரும், அது சட்டியோட வாசனை சொல்லிடும்" என்பார். போன் வராத காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வந்தன. அவையும் தண்ணீரில் விழுந்தவைதான்.

போனை அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டு வருபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "போன் உள்ள இருக்கிற தண்ணிய அரிசி குடிக்குமா? குடிச்சா அது அரிசி இல்லப்பா, சோறு." அதைவிடப் பெரிய கோபம் விளம்பரங்களின்மேல். கடை வாசலில் அவரே எழுதித் தொங்கவிட்ட பலகை, 'தண்ணீர் புகாத போனும் இங்கே சரிசெய்யப்படும்.' கேட்பவர்களுக்கு விளக்கமும் உண்டு. "ஒன்றரை மீட்டர் ஆழம், அரை மணி நேரம், அதுவும் நல்ல தண்ணின்னு பொடி எழுத்துல போட்டுகீறான். நம்மூர்ல குடிக்கவே நல்ல தண்ணி இல்ல. போன் வுழுறதுக்கு எங்க போறது?"

இப்படி இருந்தவருக்குத்தான் மீஞ்சூர்ப் பக்கம் ஆலையில் வேலை பார்க்கும் மகள் வைஷ்ணவி, தீபாவளி போனஸில் ஒரு போன் வாங்கி வந்தாள். விலை உயர்ந்தது. தண்ணீர் புகாதது.

"நைனா, இது தண்ணியில வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாது. அந்தப் பலகைய எடுத்துடு."

சிங்காரம் சிரித்தார். சிரிப்பு வீட்டோடு சரி. ஐந்து நாள் அந்த போனைச் சட்டைப்பையில் கேமரா வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே "பொண்ணு வாங்கிக் குடுத்தா" என்று சொல்லித் திரிந்தார். ஆறாம் நாள் மதியம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். போனின் முதுகைச் சூடாக்கி, நெம்பித் திறந்துவிட்டார். சுற்றிலும் நூல்போல ஒரு கருப்புப் பசை. அவ்வளவுதான். பக்கத்து டீக்கடை கங்காதரனைக் கூப்பிட்டுக் காட்டினார். "இத்தினியோண்டு பசையா கடலைத் தடுக்கப் போவுது? இன்னாமா டபாய்க்கிறான் பாரு!" பிறகு தன் கடைப் பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டி மூடினார். கம்பெனிக்காரன் போட்டதைவிட இது ஜாஸ்தி என்று அவருக்குத் திருப்தி.

இரண்டு வாரம் கழித்துப் படகுத்துறையில் நண்டு வாங்கக் குனிந்தபோது போன் சட்டைப்பையிலிருந்து நழுவி ஏரியில் விழுந்தது. முழங்கால் தண்ணீர். பக்கத்தில் படகைக் கட்டிக்கொண்டிருந்த முத்துராஜ் காலால் துழாவி ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். "பயப்படாதண்ணே, தண்ணி போகாத போன்தானே?"

சிங்காரம் போனை வெடுக்கென்று வாங்கினார். என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அணைக்க வேண்டும். நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சார்ஜரில் மட்டும் போடவே கூடாது. ஆனால் அவர் போனை உதறினார். வாயால் ஊதினார். பனியனில் தேய்த்தார். பொத்தானைப் பத்துத் தடவை அமுக்கினார். வீட்டுக்கு ஓடி சார்ஜரில் போட்டார். உள்ளேயிருந்து 'சுர்' என்று ஒரு சத்தம் வந்ததும் பிடுங்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அரிசிப் பானைக்குள் செருகினார்.

உலைக்கு அரிசி அள்ள வந்த அவர் மனைவி இந்திராணி, படியில் அரிசியோடு போனையும் மொண்டு எடுத்தார். "இன்னாய்யா இது, அரிசியில போன் மொளைச்சிருக்குது?"

இரண்டு நாள் தின்னரும் பிரஷுமாகப் போராடியும் பலனில்லை. உள்ளே பச்சைக் களிம்பு பூத்துவிட்டது. மூன்றாம் நாள், கடைக்குப் பூட்டு. பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில், சென்னையில் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்.

"தண்ணி பட்டுதா சார்?" என்றான் கவுன்ட்டரில் இருந்த இளைஞன்.

"தண்ணியே படல சார். சும்மா இருந்துச்சு."

இளைஞன் திறந்தான். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு சின்ன ஸ்டிக்கர் ரத்தச் சிவப்பாக இருந்தது. "தண்ணி போயிருக்கு சார். வாரண்டி வராது. அதைவிட, இதை யாரோ முன்னாடியே திறந்திருக்காங்க. கண்ட பசையைப் போட்டு ஒட்டியிருக்காங்க. திறக்காம விட்டிருந்தா, தண்ணியில தவறி விழுந்தாலும் தாங்கியிருக்கும். லோக்கல் மெக்கானிக் யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

சிங்காரம் மேசையைப் பார்த்தார். "ஆமா சார். எங்க ஊர்ல ஒருத்தன் கீறான்."

"அவங்க கையில எல்லாம் குடுக்கவே கூடாது சார்."

"அவன் அப்படித்தான் சார். பேச்சு ஜாஸ்தி, வேலை கம்மி."

திரும்பும்போது ரயில் மீஞ்சூரில் நின்றது. சிங்காரம் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகும் போன் சட்டைப்பையில்தான் இருந்தது, கேமரா வெளியே தெரியும்படி. வைஷ்ணவி கூப்பிட்டுப் பார்த்து, அணைந்திருப்பதாக வரவும் அம்மாவிடம் கேட்டாள். "டவர் இல்லியாம்டி" என்றார் இந்திராணி. அத்தனை நாள் டவர் இல்லாத ஊர் எது என்று மகளுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். சார்ஜர் வாங்க வந்த முத்துராஜ் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "அண்ணே, அன்னிக்கு ஏரியில வுழுந்துச்சே உங்க போன், எப்படிக் கீது?"

"அதுக்கு இன்னா? ஷோக்கா கீது" என்று சிங்காரம் பையிலிருந்து எடுத்தார். எடுத்தது கையில் நிற்கவில்லை, காதுக்குப் போய்விட்டது. "அலோ... யாரு, வைஷ்ணவியா? சொல்லும்மா. நல்லா கீறேன்... போனா? ஏரியில வுழுந்துச்சும்மா, ஒண்ணுமே ஆவல. நீ சொன்னது கரெக்டு, நாந்தான் நம்பல. நல்ல போனு. ரொம்ப நல்ல போனு..."

முத்துராஜ் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்காரம் திரும்பினார். பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வைஷ்ணவி, பையைத் தோளில் மாட்டியபடி கடைப் படியில் நின்றாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிங்காரம் இடது கையை உயர்த்தி, ஒரு நிமிஷம் இரு என்று அவளுக்கு ஒற்றை விரலைக் காட்டினார்.